கோடு போட்டுக் கோட்டை விட்ட கதை

பெங்களூரில் எனக்குக் கிடைத்த முதல் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஏரித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து நீலமாக்க வேண்டும், அந்த நீலத்தை எண்ணாக்க வேண்டும், எண்களுக்கு நடுவே ஒரு கோடு போட வேண்டும். முதல் இரண்டும் ஒரே மாதத்தில் கைக்கு வந்துவிட்டன. மூன்றாவதை எக்செல் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் எங்கெங்கே சறுக்கினேன் என்று இப்போது எழுதி வைக்கிறேன். புள்ளிகளுக்கு நடுவே கோடு போடுகிற கணக்கான ரெக்ரஷனைப் பரீட்சைக்காக மட்டும் படித்துவிட்டு ஆய்வகத்துக்குள் நுழைகிற தம்பி தங்கைகள் யாருக்காவது பயன்படும்.

அப்போது அல்சூரை ஒட்டிய மர்ஃபி டவுனில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். தெருவில் பாதிப் பேச்சு தமிழ்தான். தண்ணீரில் பாஸ்பேட் எவ்வளவு என்று அளக்க நாங்கள் பயன்படுத்திய முறை, மர்ஃபி, ரைலி என்ற இருவர் 1962-இல் வெளியிட்டது. அந்த மர்ஃபிக்கும் எங்கள் தெருவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று சொல்கிற கோரிலேஷனுக்கு நம் பள்ளிப் புத்தகத்தில் 'ஒட்டுறவு' என்றுதான் பெயர். பெயர் ஒத்துப்போவதாலேயே உறவு வந்துவிடாது என்பதற்கு என் வாடகை ரசீதே சாட்சி.

முறை எளிது. 50 மில்லி தண்ணீரில் 8 மில்லி கலவையை ஊற்ற வேண்டும். கந்தக அமிலம், அம்மோனியம் மாலிப்டேட், கொஞ்சம் ஆன்டிமனி உப்பு, கடைசியாக அஸ்கார்பிக் அமிலம், அதாவது நம் வைட்டமின் சி, இவ்வளவுதான் கலவை. பாஸ்பேட் இருந்தால் தண்ணீர் நீலமாகும். பத்து நிமிடம் பொறுக்க வேண்டும், அரை மணிக்கு மேல் விடக் கூடாது. அப்புறம் 880 நானோமீட்டரில் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் பார்க்க வேண்டும். அளவு தெரிந்த ஸ்டாண்டர்டு கரைசல்களை முதலில் ஓட்டி ஒரு கோடு போட்டுக்கொண்டால், தெரியாத தண்ணீரின் அளவை அந்தக் கோட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

என் முதல் கோட்டை இன்னும் நோட்டில் வைத்திருக்கிறேன். லிட்டருக்கு 0.05, 0.1, 0.25, 0.5, 1, 2 மில்லிகிராம் என்று ஆறு ஸ்டாண்டர்டு. கருவி காட்டியவை 0.034, 0.067, 0.164, 0.328, 0.645, 1.210. கோடு போட்டேன். புள்ளிகளோடு கோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு ஒன்றுக்குப் போடுகிற மதிப்பெண்ணான ஆர் ஸ்கொயர் 0.9989. பிரின்ட் எடுத்து அக்காவிடம் ஓடினேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆய்வகத்தின் மூத்த டெக்னீஷியன், கோலார் தங்க வயல்காரர். தினமும் மாரிக்குப்பம் ரயிலில் வந்து போவார். புள்ளியியலில் பட்டம் எதுவும் கிடையாது. எண்ணை நம்பாமல் எண் வந்த வழியைக் கேட்கிற குணம் மட்டும் உண்டு.

தாளை வாங்கிப் பார்த்தார். "கோடு அழகாத்தான் இருக்கு தம்பி. அந்த 0.05 ஸ்டாண்டர்டையே தெரியாத தண்ணின்னு நெனச்சு, உன் கோட்டுல திருப்பிப் போட்டுப் பாரு."

கால்குலேட்டரில் போட்டேன். 0.032 வந்தது. நானே எடை போட்டுக் கரைத்த 0.05-ஐ என் கோடு 0.032 என்கிறது. நூற்றுக்கு முப்பத்தேழு குறைவு. 0.1-ஐப் போட்டால் 0.086.

"நம்ம நல்ல ஏரிங்க எல்லாம் எந்த எடத்துல வரும்?" என்றார் அக்கா. கீழ்க்கோடியில்தான் வரும். பெல்லந்தூர் போல 2015, 2017, 2018 என்று தீப்பிடித்துச் செய்தியில் வந்த ஏரியின் தண்ணீரை நீர்த்துத்தான் அளக்கவே முடியும். ஆனால் எங்கள் திட்டத்தின் கேள்வி, இன்னும் கெடாத ஏரிகள் கெடத் தொடங்குகின்றனவா என்பது. கேள்வி இருக்கிற இடத்தில்தான் என் கோடு அதிகமாகப் பொய் சொல்லியது.

என்ன நடந்தது என்று பிறகு உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு புள்ளியும் கோட்டுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று வரிசையாக எழுதினேன். கீழே, கீழே, கீழே, மேலே, மேலே, கீழே. தற்செயலாகச் சிதறிய புள்ளிகள் இப்படி அணிவகுத்து நிற்காது. 2 மில்லிகிராமுக்குப் போகும்போது கருவி லேசாக மடங்கியிருக்கிறது, வளைவின் மேல் நான் நேர்கோட்டைப் படுக்க வைத்திருக்கிறேன். அதோடு ஆறு புள்ளிகளில் ஐந்து இடது பக்கம் நெருங்கி நிற்க, 2 மட்டும் தொலைவில் தனியாக நிற்கிறது. கோட்டை இழுப்பதில் அதற்கு உள்ள பலத்தைக் கணக்கிட்டால், ஒன்றுக்கு 0.82. கயிறு இழுக்கும் போட்டியில் ஐந்து பொடியன்கள் ஒரு பக்கம், பயில்வான் ஒருவன் மறு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பயில்வானைச் சமாதானப்படுத்தத்தான் கோடு கீழ்க்கோடியை விட்டுக்கொடுத்தது.

2-ஐ எடுத்துவிட்டு 1 வரைக்கும் மட்டும் கோடு போட்டேன். 0.05 இப்போது 0.048 ஆகத் திரும்பி வந்தது. அன்று முதல் எங்கள் வழக்கம் இது: எந்தக் காலிபரேஷன் கோடானாலும் ஸ்டாண்டர்டுகளைத் திருப்பிப் போட்டு, எத்தனை சதவீதம் விலகுகிறது என்று பக்கத்தில் ஒரு பத்தி. ஆர் ஸ்கொயரைக் கடைசியில் எழுதுவோம், சில நாள் எழுதவே மறந்துவிடுவோம். அகலமான வீச்சு வேண்டும் என்றால், சிறிய அளவுகளுக்கு அதிக எடை கொடுத்துக் கோடு போடும் முறை உண்டு. செறிவு கூடக் கூடப் பிழையும் கூடுகிற இடத்தில் அதுதான் நியாயமும்கூட. ஆனால் வளைவை எடை போட்டு நிமிர்த்த முடியாது. தண்ணீரை நீர்த்து வீச்சுக்குள் கொண்டுவருவதுதான் வழி.

அடுத்த சறுக்கலும் இதே ஆறு எண்களை வைத்துத்தான். பாஸ்பேட் இல்லாத தண்ணீருக்கு நீலம் வரக் கூடாது, அப்படியானால் கோடு பூஜ்யத்தின் வழியாகத்தானே போக வேண்டும் என்று எனக்குள் ஒரு தர்க்கம் ஓடியது. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் வெட்டுத்துண்டை, அதாவது கோடு நெடுக்கு அச்சை வெட்டுகிற உயரத்தை, நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். ஆர் ஸ்கொயர் 0.9989-இலிருந்து 0.9991 ஆனது. கட்டாயப்படுத்திய பிறகு பொருத்தம் கூடியிருக்கிறதே, இயற்கையே என் பக்கம் என்று அன்று மதியம் காபி கூடுதலாக இனித்தது.

பல மாதம் கழித்துத்தான் பிழை வர்க்கங்களின் கூட்டுத்தொகையை, அதாவது ஒவ்வொரு புள்ளியும் கோட்டை விட்டு விலகுகிற தூரத்தின் வர்க்கங்களைக் கூட்டியதை, பார்க்கத் தோன்றியது. வெட்டுத்துண்டு இருந்தபோது 0.0012. பூஜ்யத்துக்குக் கட்டிப்போட்ட பிறகு 0.0019. பிழை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது, மதிப்பெண்ணும் கூடியிருக்கிறது! அது எப்படி? சாதாரண ஆர் ஸ்கொயர் நம் கோட்டை, 'எல்லாவற்றுக்கும் சராசரியைச் சொல்லிவிட்டுப் போ' என்கிற சோம்பேறியோடு ஒப்பிடுகிறது. வெட்டுத்துண்டை நீக்கியதும் மென்பொருள் சத்தமில்லாமல் எதிராளியை மாற்றிவிடுகிறது. இப்போது எதிரே நிற்பது 'எல்லாவற்றுக்கும் பூஜ்யம்' என்று சொல்கிறவன். அவனை யாரும் ஜெயிக்கலாம். ஆகவே இந்த இரண்டு ஆர் ஸ்கொயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசவே கூடாது. என் தர்க்கத்திலும் ஓட்டை இருந்தது. நாம் ஊற்றுகிற ரசாயனத்திலேயே துளி பாஸ்பேட் இருக்கலாம், தண்ணீரை ஊற்றிக் கருவியில் வைக்கிற க்யூவெட்டில் கறை இருக்கலாம். பூஜ்யம் எங்கே இருக்கிறது என்பதைப் பாஸ்பேட் சேர்க்காத பிளாங்கை ஓட்டி அளந்து தெரிந்துகொள்ள வேண்டியது. ஆணையிட்டு வரவழைக்க முடியாது.

பக்கத்து ஆய்வகத்தில் என்ஸைம் வேலை செய்த தூத்துக்குடிப் பெண்ணுக்கு இதே பயில்வான் தொல்லை, தலைகீழாக. என்ஸைம் வினையின் வேகத்தையும் செறிவையும் ஒன்றின் கீழ் போட்டு நேர்கோடாக்குகிற லைன்வீவர், பர்க் வரைபடம் 1934-இல் வந்தது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துக்கு அது வரம். ஆனால் தலைகீழாக்கியதும், மிகக் குறைந்த செறிவில் எடுத்த, கை நடுங்கிய அளவுகள்தான் கோட்டின் தொலைவுக் கோடிக்குப் போய் உட்காரும். அங்கே பொடியனே பயில்வான். இன்று வளைவை வளைவாகவே பொருத்த எந்த லேப்டாப்பிலும் ஒரு நொடி போதும். பாடப்புத்தகத்தில் படம் இருக்கிறதே என்பதற்காக நேர்கோட்டைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. அவருடைய கைடு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

இனி ஏரிக்கு வருகிறேன். பன்னிரண்டு ஏரிகளில் ஏரிக்கொரு பாட்டில் பிடித்து, ஒவ்வொரு பாட்டிலையும் மூன்று முறை கருவியில் வைத்தேன். முப்பத்தாறு எண்கள். ஏரியைச் சுற்றி எத்தனை கழிவுநீர் வாய்க்கால் சேர்கிறது என்பதற்கும் பாஸ்பேட்டுக்கும் கோடு போட்டால், தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்கிற பி மதிப்பு ஏகத்துக்குச் சிறியதாக வந்தது. அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: "ஒரே மாவுல மூணு இட்லி ஊத்திட்டு மூணு மாவு அரைச்சேன்னு சொல்லுவியா?" என் கையில் இருந்தது பன்னிரண்டு மாவுதான். மூன்று தரம் பார்த்தது என் கருவி எவ்வளவு ஆடுகிறது என்பதைச் சொல்லும், ஏரிக்கு ஏரி என்ன வித்தியாசம் என்பதைச் சொல்லாது. ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் 1984-லேயே இதற்குப் பொய்ப்பிரதி என்ற பொருளில் ஒரு பெயர் வைத்துச் சக ஆய்வாளர்களைச் சாடியிருக்கிறார். மூன்றையும் சராசரியாக்கி, பன்னிரண்டு புள்ளிகளோடு மறுபடி ஓட்டினேன். சாய்வு மாறவில்லை, ஆனால் அதைச் சுற்றியிருந்த தைரியம் போய்விட்டது.

எல்லாவற்றையும் விட எனக்கு வலித்தது அடுத்தது. இதில் தப்பு செய்யாத ஆளை நான் பார்த்ததில்லை.

ஒரு ஜூன் மாதம் இருபது ஏரிகளை அளந்து, மோசமான ஐந்தைத் தேர்ந்தெடுத்தோம். அவற்றில் மட்டும் செடிகள் நட்ட மிதவைகளை விட்டோம். செடி வேர் பாஸ்பேட்டை உறிஞ்சும் என்பது எதிர்பார்ப்பு. ஆகஸ்டில் அளந்தபோது ஐந்தில் நான்கு குறைந்திருந்தது. முன்பு அதிகம் இருந்த ஏரியில் குறைவும் அதிகம் என்று அழகாக ஒரு கோடும் விழுந்தது. ஸ்லைடு தயார். நானே தயாரித்தேன்.

இந்த இடத்தில் ரெக்ரஷன் என்ற சொல்லின் கதையைச் சொல்லியாக வேண்டும். 1886-இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 205 பெற்றோர் ஜோடிகளின் உயரத்தையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரின் உயரத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். நல்ல உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரம்தான், ஆனால் பெற்றோர் சராசரியை விட்டு விலகியிருந்த அளவில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் பிள்ளைகள் விலகியிருந்தார்கள். குட்டையான பெற்றோருக்கும் அப்படியே. சராசரியை நோக்கித் திரும்புதல் என்ற அர்த்தத்தில்தான் அந்தச் சொல்லே வந்தது. நம் பாடப்புத்தகம் 'தொடர்புப் போக்கு' என்கிறது. சொல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் திரும்புகிற சங்கதி அதில் காணாமல் போய்விட்டது. 'பின்னடைவு' என்று சிலர் எழுதுவதில் அது இருக்கிறது, ஆனால் தேர்தல் முடிவு வாசிக்கிற மாதிரி ஒலிக்கிறது. எதையோ ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஐந்து ஏரிகளுக்கு வருவோம். ஜூனில் அவை மோசமாகத் தெரிந்ததற்குப் பாதிக் காரணம் அவை நிஜமாகவே மோசம், மீதி அன்றைய ராசி. முந்தின இரவு சாக்கடை கொஞ்சம் கூடுதலாக வந்திருக்கலாம், பாட்டில் பிடித்த கரை ஓரம் அப்படி இருந்திருக்கலாம். கெட்ட ராசியும் சேர்ந்தவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டு மறுபடி அளந்தால், ராசி ஒவ்வொரு முறையும் அதே போல அமையாது. மிதவையே விடாவிட்டாலும் எண் இறங்கும். முன்பு அதிகம் இருந்ததில் குறைவும் அதிகம் என்ற அந்தக் கோடு இன்னும் மோசம். குறைவு என்பதே முன்பு கழித்தல் பின்பு. 'முன்பு' இரண்டு அச்சிலும் உட்கார்ந்திருக்கிறது. சீட்டுக்கட்டைக் குலுக்கி எண் எடுத்தாலும் அந்தக் கோடு விழும்.

மிதவை வேலை செய்ததா இல்லையா? அந்த ஜூன் கணக்கை வைத்துச் சொல்லவே முடியாது. அடுத்த வருஷம் மோசமான பத்தை எடுத்து, நாணயம் சுண்டி ஐந்துக்கு மட்டும் மிதவை விட்டோம். மிதவை விடாத ஐந்திலும் எண் இறங்கியது. விட்டவற்றில் கொஞ்சம் கூடுதலாக. அந்தக் 'கொஞ்சம் கூடுதல்' மட்டும்தான் மிதவையின் சம்பளம். ஸ்லைடில் அது சப்பென்று இருந்தது, கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை.

எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் அத்தை மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வந்தான். பத்து வருஷத்து வாகனப் பதிவு ஒரு பத்தி, ஒரு ஏரியில் கரைந்த உப்பின் அளவு ஒரு பத்தி, ஒட்டுறவு 0.9-க்கு மேல். "வண்டிதான்டா காரணம்" என்றான். பெங்களூரில் பத்து வருஷத்தில் ஏறாதது எது என்று கேட்டேன். அறை வாடகையைப் போட்டாலும் அதே எண் வரும். யூல் என்ற புள்ளியியலாளர் 1926-லேயே இதைக் கிண்டலடித்திருக்கிறார்: 1866 முதல் 1911 வரை இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்த திருமணங்களின் விகிதத்துக்கும் இறப்பு விகிதத்துக்கும் ஒட்டுறவு 0.95. இரண்டும் சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். இந்த வருஷத்துக்கும் போன வருஷத்துக்கும் உள்ள வித்தியாசங்களை எடுத்து அவற்றுக்குள் கோடு போடச் சொன்னேன். ஒன்றும் மிஞ்சவில்லை. அவன் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனான்.

ஒரு குடியிருப்போர் குழு, வண்ண அட்டை வைத்துப் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி, எங்கள் எண்ணோடு ஒப்பிட்டுத் தரச் சொன்னது. ஒட்டுறவு மிக நன்றாக வந்தது. ஆனால் பெட்டி எப்போதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டியது. இரண்டு மடங்கு காட்டுகிற தராசுக்கும் ஒட்டுறவு ஒன்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்! பிளாண்ட், ஆல்ட்மன் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் 1986-இல் சொன்னபடி, இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை அவற்றின் சராசரிக்கு எதிராக வரைந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் குட்டு வெளிப்படும். பெட்டியின் எண்ணைக் கிடை அச்சில் வைத்துக் கோடு போட்டால் இன்னொரு சிக்கலும் உண்டு. கிடை அச்சில் பிழை இருந்தால் சாய்வு தானாகவே பூஜ்யத்தை நோக்கிப் படுத்துவிடும். சாதாரண ரெக்ரஷன், பிழையெல்லாம் நெடுக்கு அச்சில் மட்டும் என்று நம்பிக்கொண்டு வேலை செய்கிறது. எந்த அளவில் நம்பிக்கை அதிகமோ அதைக் கிடையாக வையுங்கள். இரண்டிலும் பிழை என்றால் அதற்கென்று டெமிங் முறை இருக்கிறது.

கடைசியாக இரண்டு புள்ளிகள். வாய்க்கால் கோட்டிலிருந்து வெகு தூரம் தள்ளி நின்ற இரண்டை, 'தவறான அளவு' என்று எழுதி நான் அழித்திருந்தேன். அக்கா பழைய நோட்டைப் புரட்டினார். முதல் பாட்டிலுக்கு எதிரே, அன்று அமிலத்தில் அலசாமல் சோப்புத்தூளில் கழுவியதாகக் குறிப்பு இருந்தது. சோப்புத்தூளில் பாஸ்பேட் இருந்திருந்தால் நான் அளந்தது ஏரியை அல்ல, எங்கள் சிங்க்கை. அது போக வேண்டிய புள்ளிதான். இரண்டாவதற்கு எதிரே 'நேற்று இரவு கனமழை, வடக்குக் கரையில் நாற்றம்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. ஏரிக்குள் சாக்கடை உடைந்து வந்த நாள் அது. எங்கள் திட்டம் எதைக் கண்டுபிடிக்க வந்ததோ அதைத்தான் நான் அழித்திருந்தேன். கோட்டிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே தூரம்.

போன வாரம் தருமபுரியிலிருந்து புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் பிரின்டோடு வந்தான். 0.9997. அக்கா ஓய்வு பெற்றுவிட்டார், அவருடைய நாற்காலியில் இப்போது நான்.

"கோடு நல்லா இருக்கு. பாட்டில் கழுவுனது யாரு?" என்றேன்.

முழித்தான். "கேட்டுட்டு வர்றேண்ணா" என்று படியிறங்கினான். பிரின்டை மேசையிலேயே விட்டுவிட்டான்.